22.17 என்ன?

போன மாதம் ஒரு சாயங்காலம், பத்தாம் வகுப்பு படிக்கிற எதிர்வீட்டுப் பெண் கணக்கு நோட்டை என் மடியில் வைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாள். பள்ளியில் செயல்திட்டம் கொடுத்திருக்கிறார்கள். ஊரில் ஆறு வீடுகளுக்குப் போய், சம்பா நெல்லில் என்ன கண்டுமுதல், அதாவது விளைச்சல், என்று கேட்டு, சராசரியும் திட்ட விலக்கமும் (எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்கிற அளவு) கண்டுபிடிக்க வேண்டும். ஆறு எண்களை வரிசையாக எழுதியிருந்தாள்: 10, 28, 11, 9, 45, 30. கூட்டினால் 133. ஆறால் வகுத்தால் 22.17. திட்ட விலக்கம் 13.3. விடைக்கு அடியில் ஸ்கேல் வைத்து இரட்டைக் கோடு.

கூட்டலில் தப்பில்லை. வகுத்தலில் தப்பில்லை. வர்க்கமூலம்கூடச் சரியாக எடுத்திருந்தாள்.

"22.17 என்னம்மா?" என்றேன்.

"மூட்டைக்கா."

"எவ்வளவு நிலத்துக்கு?"

அவள் நோட்டைப் பார்த்தாள். பிறகு தெருவைப் பார்த்தாள்.

"எத்தனை கிலோ மூட்டை?"

"அதெல்லாம் கேக்கலக்கா. எத்தனை மூட்டை கண்டுச்சுன்னுதான் கேட்டேன். அவங்க சொன்னாங்க."

தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு நான் எங்கே வருகிறேன் என்று இந்நேரம் புரிந்திருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊர் மன்னார்குடிக்கும் நீடாமங்கலத்துக்கும் நடுவில். இங்கே பெரியவர்கள் நிலத்தை மாவில்தான் சொல்வார்கள். பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடி ஒரு குழி. நூறு குழி ஒரு மா, அதாவது 14,400 சதுர அடி. இருபது மா ஒரு வேலி. பத்திரத்தில் ஏக்கரும் சென்ட்டும் இருக்கும். வேளாண்மைத் துறைக்காரர்கள் எக்டேரில் பேசுவார்கள். நெல்லும் அப்படித்தான். களத்தில் 60 கிலோ மூட்டை. கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பம். விலை மட்டும் குவிண்டாலுக்கு. கலம், மரக்கால் என்று பழைய முகத்தல் அளவையில் பேசுகிற கிழவர்கள் இன்னும் ஓரிருவர் இருக்கிறார்கள்.

அந்தப் பெண்ணை மறுநாள் அதே ஆறு வீட்டுக்கும் திரும்பப் போகச் சொன்னேன். முகம் சுளித்தாள், ஆனால் போனாள். வந்த விவரம் இது. 10, 11, 9 என்று சொன்ன மூன்று வீடுகளும் மாவுக்குச் சொல்லியிருக்கின்றன, 60 கிலோ மூட்டையில். 28, 30 என்றவர்கள் ஏக்கருக்கு, அதே 60 கிலோ. 45 என்றவர் ஏக்கருக்குத்தான் சொன்னார், ஆனால் கொள்முதலில் போட்ட சிப்பத்தை எண்ணிச் சொன்னார்.

ஏக்கர் 43,560 சதுர அடி. அதை 14,400-ஆல் வகுத்தால் 3.025 மா. மாவுக்குப் பத்து மூட்டை என்றால் 600 கிலோ. ஏக்கருக்கு 1,815 கிலோ. இப்படி ஆறையும் ஏக்கருக்கு இத்தனை கிலோ என்று மாற்றினோம். 1,815, 1,680, 1,996.5, 1,633.5, 1,800, 1,800. சராசரி 1,787.5 கிலோ. திட்ட விலக்கம் 115 கிலோவுக்குச் சற்று மேல்.

இதற்கப்புறம் அவளை மாறுபாட்டுக் கெழுவைப் போடச் சொன்னேன். திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும், பத்தாம் வகுப்புப் பாடம்தான். பழைய எண்களுக்கு 60 சதவீதம். புதிய எண்களுக்கு 6.5 சதவீதம்.

அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். 60 என்று எழுதிக் கொடுத்திருந்தால், இந்த ஊரில் ஒருவர் வயலுக்கும் அடுத்தவர் வயலுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் என்றுதான் படிப்பவர் நினைப்பார். உண்மையில் ஆறு வீட்டிலும் ஏறக்குறைய ஒரே விளைச்சல். அந்த 60 சதவீதத்தில் மிகப் பெரும் பங்கு நெல்லில் இல்லை, அலகில் இருந்தது. அலகு இல்லாத எண் விடையைச் சும்மா குறையாக விடாது; இல்லாத கதை ஒன்றைச் சொல்லிவிடும்.

இதைப் பற்றித்தான் நெடுநாளாக எழுத நினைத்தேன்.

நான் இயற்பியல் படித்தவள். பதினான்கு வருஷமாகத் திண்ணையில் டியூஷன் எடுக்கிறேன். இந்தப் பதினான்கு வருஷத்தில் சூத்திரம் தெரியாமல் தப்பு செய்த பிள்ளைகளைவிட அலகில் வழுக்கி விழுந்த பிள்ளைகள்தான் அதிகம். எனக்கு இதில் ஆற்றாமையே உண்டு. ஏனென்றால் இதே பிள்ளைகள் வீட்டில் நாள் முழுக்க அலகு மாற்றிக்கொண்டுதான் இருக்கிறார்கள். முழத்தில் பூ வாங்குகிறார்கள். பவுனை எட்டு கிராம் என்று யோசிக்காமல் சொல்கிறார்கள். மூன்று மா என்றால் ஒரு ஏக்கர் என்று நாக்கிலேயே இருக்கிறது. நோட்டைத் திறந்தால் கை நின்றுவிடுகிறது. அலகு என்பது விடைக்குக் கடைசியில் ஒட்டுகிற வால், அதற்கு அரை மதிப்பெண் என்று யாரோ மனதில் போட்டுவிட்டார்கள். விடை வந்த பிறகு, கேள்வித்தாளைப் பார்த்து, இங்கே என்ன போட வேண்டும் என்று ஊகித்து எழுதுகிறார்கள்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் என்ன செய்திருக்கிறார்கள் என்று பிள்ளைகளுக்கு நான் சொல்வதுண்டு. நிலத்தை வேலி, மா, காணி, முந்திரிகை என்று கடைசிப் பின்னம் வரை வெட்டியிருக்கிறார்கள். நெல்லைக் கலம் என்று சொன்னதோடு விடவில்லை. ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளந்தது என்று எந்த மரக்கால் என்பதையும் பெயர் சொல்லிப் பொறித்திருக்கிறார்கள். பொன்னை நிறுத்த கல்லுக்கும் அதே பெயர். ராஜராஜன் காலத்தில், ஆயிரம் வருஷத்துக்கு முன்னால், உளியால் ஒவ்வொரு எழுத்தாகக் கருங்கல்லில் வெட்டுகிறவன், அலகை விட்டால் வேலை குறையும் என்று விடவில்லை. பந்துமுனைப் பேனாவால் எழுதுகிற நாம் விடுகிறோம்.

சரி, மாற்றுவது எப்படி? பள்ளியில் 5/18 என்று ஒரு மந்திரம் சொல்லித் தருவார்கள். கிலோமீட்டர்/மணியை மீட்டர்/விநாடி ஆக்க 5/18-ஆல் பெருக்கு. திரும்ப மாற்ற 18/5. பரீட்சைப் பதற்றத்தில் எது எது என்று மறந்துவிடும். மன்னார்குடி பஸ் மணிக்கு 54 கிலோமீட்டரில் போனால் விநாடிக்கு 15 மீட்டர். 18/5 போட்ட பையனுக்கு 194.4 மீட்டர் வந்தது. மணிக்கு 700 கிலோமீட்டர். பஸ் ஆகாயத்தில் பறக்கிற வேகம்.

நான் சொல்லித் தருவது ஒன்றே ஒன்று: ஒன்றால் பெருக்கு. 1,000 மீட்டரும் 1 கிலோமீட்டரும் ஒரே நீளம். ஒன்றை மேலேயும் மற்றதைக் கீழேயும் எழுதினால் அந்தப் பின்னத்தின் மதிப்பு ஒன்று. ஒன்றால் எதைப் பெருக்கினாலும் அது மாறாது. பெயர் மட்டும் மாறும். எது மேலே, எது கீழே என்பதை மனப்பாடம் செய்ய வேண்டாம். நீக்க வேண்டிய அலகு எங்கே இருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் போடு, அடித்துவிடலாம். 54 கி.மீ / மணி, இதில் கி.மீ மேலே இருக்கிறது. ஆகவே 1,000 மீ மேலே, 1 கி.மீ கீழே. மணி கீழே இருக்கிறது. ஆகவே 1 மணி மேலே, 3,600 விநாடி கீழே. கி.மீ-ஐ கி.மீ அடிக்கிறது, மணியை மணி அடிக்கிறது. மிஞ்சுவது மீட்டர், விநாடி. 1,000-ஐ 3,600-ஆல் வகுத்தால் அந்த 5/18 தானாக வந்து நிற்கிறது. மந்திரத்தின் மூலம் தெரிந்தால் மந்திரத்தை மறந்தாலும் கவலையில்லை.

ஒரே நிபந்தனை, ஒவ்வொரு வரியிலும் அலகை எழுத வேண்டும். பிள்ளைகளுக்கு இதுதான் பிடிக்காது. நேரம் ஆகும் என்பார்கள். ஆகட்டும்.

நீளத்தில் பழகிவிட்டால் பரப்பிலும் கனஅளவிலும் அடுத்த குழி காத்திருக்கிறது. ஒரு மீட்டருக்கு நூறு சென்டிமீட்டர், ஆகவே ஒரு கன மீட்டருக்கு நூறு கன சென்டிமீட்டர் என்று எழுதாத பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை. இதை வாயால் சொல்லிப் புரியவைக்க முயன்று பல வருஷம் தோற்றேன். இப்போது கோலப்பொடியை எடுத்துக்கொண்டு வாசலுக்குக் கூட்டிப்போகிறேன். மீட்டர் டேப் வைத்து ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம் போடச் சொல்வேன். பிறகு பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு, குறுக்கும் நெடுக்குமாக. கோலம் போடுகிற கை, நேராக வரும். உள்ளே எத்தனை கட்டம்? பத்துக்குப் பத்து, நூறு. ஒவ்வொரு கட்டத்திலும் பத்து சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு பெட்டி வைத்தால் அது ஒரு லிட்டர். இப்போது தரையில் நூறு லிட்டர். இடுப்பு உயரத்துக்கு ஒரு மீட்டர் வர வேண்டும் என்றால் இப்படி எத்தனை அடுக்கு? பத்து. அப்போதுதான் ஒரு குரல் மெதுவாக வரும்: "ஆயிரம் லிட்டரா?" ஆயிரம் லிட்டர். ஒவ்வொரு லிட்டரிலும் ஆயிரம் கன சென்டிமீட்டர். ஆகப் பத்து லட்சம். நூறு, நூறு, நூறு, மூன்று பக்கமும் பெருக்க வேண்டும் என்பதைத் தரையில் ஒரு தடவை பார்த்த பிள்ளை பிறகு மறந்ததில்லை. அன்று சாயங்காலம் வாசலில் அந்தக் கட்டம் அப்படியே இருக்கும். மாடு மிதித்து அழியும்வரை நான் அழிப்பதில்லை.

இந்தக் கன அளவுதான் எங்கள் ஊர் வாழ்க்கையே. ஜூன் மாதம் வந்தால் வீட்டுக்கு வீடு மேட்டூர்ப் பேச்சு. முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி, குறுவைக்கு ஜூன் 12-இல் திறப்பார்களா மாட்டார்களா. டீக்கடையில் நிற்கிற எல்லோருக்கும் இந்த எண்கள் மனப்பாடம். ஆனால் டிஎம்சி என்பது என்ன, கன அடி என்பது என்ன என்று கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது. காரணம், செய்தி சொல்பவர்கள் பாதி அலகை முழுங்கிவிடுகிறார்கள். "அணையிலிருந்து 12 ஆயிரம் கன அடி தண்ணீர் திறப்பு" என்று தலைப்பு வரும். 12 ஆயிரம் கன அடி என்றால் ஒரு குட்டைத் தண்ணீர்தான். விநாடிக்கு 12 ஆயிரம் கன அடி என்பதுதான் ஆறு. அந்த 'விநாடிக்கு' போனால் ஆறே போய்விட்டது.

டிஎம்சி என்பது அளவு, ஆயிரம் மில்லியன் கன அடி, நம் கணக்கில் நூறு கோடி கன அடி. விநாடிக்குக் கன அடி என்பது வேகம் மாதிரி, ஓட்டம். இரண்டையும் சேர்ப்பது நேரம். ஒரு நாளில் 86,400 விநாடி. 12,000 × 86,400 போட்டால் 103.68 கோடி கன அடி. ஆக விநாடிக்கு 12 ஆயிரம் கன அடி திறந்தால் நாளுக்கு ஒரு டிஎம்சியைச் சற்றுத் தாண்டும். நிறைந்த மேட்டூர், ஒரு சொட்டும் வரத்து இல்லாமல், அந்த வீதத்தில் 90 நாள் தாங்கும். பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் இதைப் போட்டுவிட்டு, "இதைத்தான் அப்பா டீக்கடையில மணிக்கணக்கா பேசுறாங்களாக்கா?" என்று கேட்டான். ஆமாம், இதைத்தான். காவிரியில் கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு விட வேண்டியது வருஷத்துக்கு 177.25 டிஎம்சி என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொன்னது. காவிரி நடுவர் மன்றம் 2007-இல் சொன்னது 192. இரண்டுக்கும் நடுவில் 14.75. அந்தப் புள்ளி ஏழு ஐந்து எவ்வளவு நெல் என்று போட்டுப் பார்க்கத் தெரிந்த பிள்ளை இந்த டெல்டாவில் இருக்க வேண்டாமா?

போடலாம். ஒரு டிஎம்சியை 43,560-ஆல் வகுத்தால் 22,957 ஏக்கரில் ஓர் அடி உயரத் தண்ணீர். நெல்லுக்கு ஒரு பருவத்துக்கு 1,200 மில்லிமீட்டர் வேண்டும் என்று வைத்தால், ஏறத்தாழ நான்கு அடி. அப்படியானால் வழியில் எதுவும் வீணாகாத கணக்கில் ஒரு டிஎம்சிக்கு ஐயாயிரத்து எழுநூறு ஏக்கர். 0.75-க்கு நாலாயிரத்துச் சொச்சம் ஏக்கர். தசமப் புள்ளிக்குப் பின்னால் ஒரு ஊராட்சியே நிற்கிறது.

அடியை மீட்டராக்கும்போது மறுபடியும் மூன்று தடவை. ஓர் அடி 0.3048 மீட்டர்; ஒரு கன அடி அதன் கனம், 0.0283 கன மீட்டர், அதாவது 28.3 லிட்டர். ஒரு டிஎம்சி ஏறத்தாழ 2,832 கோடி லிட்டர். 3.28-ஆல் ஒரு தடவை மட்டும் வகுத்துவிட்டுப் போகிறவர்களுக்கு, இருக்கிற தண்ணீரைப்போல் பத்து மடங்குக்கு மேல் வந்து நிற்கும்.

விடை சரியா என்று எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். கண்ணால். பன்னிரண்டாவது படிக்கிற ஒரு பையன் போட்ட கணக்கு நினைவுக்கு வருகிறது. 5 குதிரைத்திறன் மோட்டார், 20 மீட்டர் ஆழத்திலிருந்து தண்ணீர் இறைக்கிறது, பயனுறுதிறன் 50 சதவீதம், விநாடிக்கு எத்தனை லிட்டர்? அவன் திறன் என்கிற இடத்தில் 5 என்று போட்டுவிட்டான். 5-இல் பாதி 2.5, அதை ஒரு கிலோ தண்ணீரை 20 மீட்டர் தூக்க வேண்டிய ஆற்றலால் (புவியீர்ப்பு 9.8 × 20, அதாவது 196 ஜூல்) வகுத்து 0.0128. விநாடிக்குப் பதின்மூன்று மில்லிகூட இல்லை. இருமல் மருந்து மூடி அளவு. அவன் அதை எழுதிக்கொண்டிருந்தபோது தெருக்கோடியில் அவன் அப்பாவின் பம்புசெட் ஓடிக்கொண்டிருந்தது. குழாயிலிருந்து விழுகிற சத்தம் திண்ணைக்குக் கேட்டது.

"போய் ஒரு குடத்தைப் பிடிச்சுப் பாரு, எத்தனை விநாடியில ரொம்புதுன்னு," என்றேன்.

எழுந்துகூடப் போகவில்லை. அங்கேயே புரிந்துகொண்டான். ஒரு குதிரைத்திறன் 746 வாட். 5 × 746, அதில் பாதி 1,865 வாட். 196-ஆல் வகுத்தால் விநாடிக்கு 9.5 கிலோ, தண்ணீருக்கு 9.5 லிட்டர். பதினைந்து லிட்டர்க் குடம் ஒன்றரை விநாடியில். அங்கிருந்து விடாமல் இழுத்துக்கொண்டு போனோம். ஓர் ஏக்கர் 4,047 சதுர மீட்டர். ஐந்து சென்டிமீட்டர் நிற்க வைக்க 202 கன மீட்டர், இரண்டு லட்சத்து இரண்டாயிரம் லிட்டர். 9.5-ஆல் வகுத்தால் 21,000 விநாடிக்கு மேல், ஏறத்தாழ ஆறு மணி நேரம். அவன் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் கேட்டிருக்கிறான். அவர் சொன்னதும் கிட்டத்தட்ட அதுதானாம்; கரண்ட் நின்று நின்று வந்தால் ஒரு நாள் ஆகும் என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்.

ஆறு மணி நேரத்துக்கு 3.73 கிலோவாட் (மோட்டாரின் அந்த 5 × 746 வாட்) என்றால் 22 யூனிட்டுக்கு மேல். இந்த யூனிட் என்கிற சொல்லே எங்கள் ஊரில் இரண்டு வேலை செய்கிறது. கரண்டில் ஒரு யூனிட் என்றால் ஒரு கிலோவாட் மணி, 36 லட்சம் ஜூல். மணல் லாரியில் ஒரு யூனிட் என்றால் நூறு கன அடி. வீடு கட்டுகிற வீட்டில் இரண்டும் ஒரே நாளில் காதில் விழும். யாரும் குழம்புவதில்லை, ஏனென்றால் பேச்சில் முன்னும் பின்னும் பொருள் இருக்கிறது. நோட்டில் முன்னும் பின்னும் இருக்க வேண்டிய அந்தப் பொருளைத்தான் எழுதச் சொல்கிறேன்.

ஐப்பசி, கார்த்திகையில் மழையைப் பாடமாக எடுத்துக்கொள்வேன். மழையை ஏன் மில்லிமீட்டரில் சொல்கிறார்கள்? தண்ணீரை லிட்டரில்தானே சொல்ல வேண்டும்? நல்ல கேள்வி, ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒருவர் கேட்பார்கள். கன அளவைப் பரப்பால் வகுத்தால் மிஞ்சுவது நீளம். ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் விழுந்தால் ஒரு மில்லிமீட்டர் உயரம் நிற்கும். இந்த ஒன்று மட்டும் தெரிந்தால் போதும். பத்து சென்டிமீட்டர் மழை என்றால் ஒரு மாவில் (1,338 சதுர மீட்டர்) ஒரு லட்சத்து முப்பத்துமூன்றாயிரம் லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் டேங்கர் லாரி பதினொன்று, ஒரே மாவில். வடிகால் தூர்ந்துபோன வருஷங்களில் பயிர் ஏன் முழுகிக் கிடக்கிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

அதிலிருந்து புள்ளியியலுக்குப் போவேன். ஐந்து நாள் மழை, நானே போட்ட எண்கள்: 0, 12, 85, 3, 40 மி.மீ. சராசரி 28 மி.மீ. விலக்கங்களை வர்க்கப்படுத்திக் கூட்டி ஐந்தால் வகுத்தால் விலக்க வர்க்கச் சராசரி 1,011.6. அலகு? அந்த எதிர்வீட்டுப் பெண்தான் கேட்டாள்: "சதுர மில்லிமீட்டர்னு வருதேக்கா, மழைக்கு ஏது பரப்பு?" எனக்கு அன்று முழுக்க மனசு நிறைந்திருந்தது. அலகைக் கூடவே எழுதிக்கொண்டு வந்ததால்தான் அவளுக்கு அந்தச் சந்தேகம் வந்தது. அது நிலத்தின் பரப்பு அல்ல. மில்லிமீட்டரை மில்லிமீட்டரால் பெருக்கிய தடம். அதனால்தான் வர்க்கமூலம் எடுத்துத் திரும்ப மில்லிமீட்டருக்கு வருகிறோம்: 31.8 மி.மீ. எல்லாவற்றையும் சென்டிமீட்டரில் போட்டால் சராசரி 2.8, திட்ட விலக்கம் 3.18, இரண்டும் பத்தில் ஒன்று. விலக்க வர்க்கச் சராசரி மட்டும் நூறில் ஒன்று, 10.116. மாறுபாட்டுக் கெழு எதில் போட்டாலும் 113.6 சதவீதம், அசையாது. அதற்கு அலகே கிடையாது. நெல்லை மழையோடு ஒப்பிட வேண்டுமென்றால் அதைத்தான் எடுக்க வேண்டும்.

வெப்பநிலையில் இன்னொரு வழுக்கல் உண்டு. சராசரி 30 டிகிரி செல்சியஸ் என்றால் 86 டிகிரி பாரன்ஹீட்: 1.8-ஆல் பெருக்கி 32 கூட்டு. திட்ட விலக்கம் 2 டிகிரி செல்சியஸ் என்றால்? 35.6 என்று எழுதுவார்கள். தப்பு, 3.6. விலக்கம் என்பது இரண்டு எண்களுக்கு நடுவில் உள்ள தூரம். இரண்டு பேரையும் ஒரே திண்ணையில் ஏற்றினால் இருவருக்கும் உயரம் கூடும். இருவருக்கும் உள்ள உயர வித்தியாசம் கூடாது. 32 அந்தத் திண்ணை.

எனக்கு இதில் ஏன் இத்தனை பிடிவாதம் என்று என் பிள்ளைகள் கேட்டதுண்டு. இதுவரை சொன்னதில்லை.

நான் ஒன்பதாவது படித்த வருஷம். எங்களுக்கு ஒன்பது மா. சம்பா நட்டு மூன்றாம் நாள், களைக்கொல்லியை மணலில் கலந்து தூவ வேண்டும். அப்பாவுக்குப் பொடி எழுத்து படிக்க முடியாது. புட்டியோடு வந்த தாளை என்னிடம் கொடுத்து எவ்வளவு என்று பார்க்கச் சொன்னார்கள். "எக்டேருக்கு ரெண்டரை லிட்டர்ப்பா," என்று படித்தேன். அப்பா வரப்பில் இருந்தபடியே, "ஏக்கருக்கா?" என்றார்கள். எனக்கு அப்போது இரண்டும் ஒரே சொல்லாகத்தான் காதில் விழுந்தது. "ஆமாம்ப்பா," என்றேன்.

மூன்று லிட்டர் போக வேண்டிய வயலில் ஏழரை லிட்டர் போயிற்று. நட்ட பயிர் பச்சை திரும்பவில்லை. பத்து நாளில் மஞ்சளாகிக் குறுகி நின்றது. வரப்போரம் கொஞ்சம் தேறியது; நான்கு மாவை மறுபடி சேற்றடித்து, அடுத்த ஊரில் நாற்று வாங்கி நட்டோம். அப்பா என்னைத் திட்டவில்லை. தாளை எடுத்துக்கொண்டு யாரிடமோ போய்க் கேட்டுவிட்டு வந்தார்கள். அன்று சாயங்காலம் மோட்டார்க் கொட்டகைச் சுவரில் கரியால் எழுதினார்கள்: 1 எக்டேர் = 2½ ஏக்கர் = 7½ மா. பிறகு அந்த எழுத்தை ஒவ்வொரு பொங்கலுக்கும் வெள்ளையடிக்கும்போது சுற்றி அடிப்பார்கள், அதன்மேல் அடித்ததில்லை.

செயல்திட்டம் முடிந்த மறுநாள் அந்தப் பெண்ணை அங்கே கூட்டிப்போனேன். சுவரைப் பார்த்தாள். நோட்டைத் திறந்து, ஓர் எக்டேருக்கு 2.471 ஏக்கர், ஏக்கருக்கு 3.025 மா என்று ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதி, ஏக்கரை ஏக்கரால் அடித்து, பெருக்கினாள். 7.475 மா.

"தாத்தா எழுதினது சரிதான்க்கா. கால் மாகூட வித்தியாசம் வரல."

அப்பா வாய்க்காலில் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நிமிர்ந்து கேட்டார்கள்: "நூறு குழி மாவுக்குத்தானே சொல்ற?"

அவள் விடைக்கு அடியில் கோடு போடாமல், பக்கத்தில் '1 மா = 100 குழி, 1 குழி = 144 சதுர அடி' என்று எழுதிவிட்டுப் பிறகு கோடு போட்டாள்.